சுவருக்குத்தான்

செப்டம்பர் 4, திங்கள்

ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு.

மாத்திரையை மாற்றி எழுதிய டாக்டரம்மா, கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள், மனசு அடங்குகிற மாதிரி ஏதாவது கைவேலை செய்யுங்கள் என்றார். முப்பத்திரண்டு வருடம் குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கெல்லாம் வழிவிட்டவள் நான், கை சும்மா இருந்த நாளே கிடையாது என்றேன். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த டயரியும் அவர் யோசனைதான். தினமும் அழுத்தத்தை அளந்து எழுத வேண்டும். மனசில் பட்டதையும் எழுதலாமாம். மனசில் ஒன்றும் படவில்லை.

முந்தாநாள் நிவேதா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அவளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டதாம். முடிந்த பிறகு சொல்கிறாள். சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி எப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போதுதான் சொல்வாள், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். கோபம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரே மகள். அம்மாவிடம் ஐந்து மாதம் மறைத்தால் காரணம் இல்லாமலா இருக்கும். அழுத்தம் ஏறியது அதனால் இல்லை. வியாழக்கிழமையே எனக்குத் தலை சுற்றியது.

செப்டம்பர் 7, வியாழன்

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் மரச்சட்டத்தில் கம்பளி நூலை மேலும் கீழுமாக விட்டு வாங்கி, சுவரில் மாட்டுகிற படம் நெய்கிறாள். பேச்சே இல்லை. பின்னால் புல்லாங்குழல். வீட்டுக்கு அமைதி தரும் கம்பளிக் கலை என்று கீழே போட்டிருந்தது. இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்கும்போது சாம்பார் அடிப்பிடித்தது.

இது பின்னல் இல்லை. ஊசி கிடையாது. இதை நான் செய்யலாம்.

கூடத்துச் சுவர் வெள்ளையடித்ததிலிருந்து மொட்டையாகக் கிடக்கிறது. அதற்கு ஒன்று வேண்டும்தான்.

செப்டம்பர் 9, சனி

மார்க்கெட்டில் கம்பளி நூல் கடைக்குப் போனேன். மூன்று வருடம் ஆயிற்று அந்தப் படியேறி. கடைக்காரர் மறக்கவில்லை. “வாங்கம்மா, பேரக்குழந்தைக்கா?” என்றார். சுவருக்கு என்றேன். சுவருக்கென்றால் இதுதான் உழைக்கும் என்று முரட்டு நூலாக எடுத்துப் போட்டார். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், அரித்தது. வேண்டாம் என்றேன். சுவருக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, மரியாதைக்காரர். கடைசியில் சாயம் போடாத வெள்ளை, சாம்பல், தேயிலைக் கொழுந்து மாதிரி ஒரு பச்சை என்று மூன்று வாங்கினேன். இருப்பதிலேயே மெல்லிசு. ஏன் அதை எடுத்தேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். நிறம் பிடித்திருந்தது.

செப்டம்பர் 13, புதன்

தச்சர் சட்டம் கொண்டுவந்தார். ஒன்றரை அடிச் சதுரம் சொன்னேன், இரண்டரை அடியில் செய்து வந்திருக்கிறார். சண்டைக்குப் போனேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டையே சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் கையெழுத்துதான். இரண்டரை என்றுதான் எழுதியிருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் ஒரு நம்பரைக்கூட மாற்றிப் போட்டதில்லை நான்.

செப்டம்பர் 20, புதன்

நூற்று ஐம்பதுக்குத் தொண்ணூற்றாறு. இறங்குகிறது.

சட்டத்தின் மேலும் கீழும் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஆணி நெடுக நூல் கட்டியாயிற்று. குறுக்கு நூலை ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று விட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எதிர் மலையில் காலைப் பனி ஏறுகிற மாதிரி நெய்கிறேன். கீழே பச்சை, நடுவில் சாம்பல், மேலே வெள்ளை.

வீடியோக்காரி நெடுக்கு நூலுக்குச் சணல் போடச் சொல்கிறாள், அப்போதுதான் சுவரில் விறைப்பாகத் தொங்குமாம். நான் அதற்கும் கம்பளியே போட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிசையையும் சீப்பால் இறுக்கி அடி என்கிறாள். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. தளரவே விடுகிறேன். தப்பாகச் செய்கிறோம் என்று தெரிகிறது. எதற்காக என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

நிவேதா பேசினாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று அவள்தான் என்னைக் கேட்கிறாள். வயிற்றைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என்னம்மா செய்துகொண்டிருக்கிறாய் என்றாள். சும்மா இருக்கிறேன் என்றேன். நூல் மடியில் கிடந்தது.

எழுதிவிடுகிறேன். டாக்டரம்மாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நிவேதா முதலில் உண்டானபோது மூன்றாம் மாதமே எனக்குச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஊசியை எடுத்தேன். மஞ்சள் நூலில் ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, இரண்டு காலுறை. பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு துணி வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது, பிறந்ததும் பழைய துணியில்தான் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போனைக் கையில் வைத்திருப்பவள் இதையெல்லாம் நம்புவாளா என்று சிரித்துக்கொண்டே பின்னினேன். ஐந்தாம் மாதம் கோயம்புத்தூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏழாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி அம்மாள், நிவேதாவின் மாமியார் ராஜாமணி, பத்துப் பேர் முன்னால் என்னைக் கேட்டார்: “பொறக்கறதுக்கு முந்தி யாருங்க சம்பந்தி துணி பின்னுவாங்க?”

அவர் கேட்டது போகட்டும். உள்ளே கட்டிலில் நிவேதா கண் விழித்துத்தான் கிடந்தாள். கதவு திறந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் உடுப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. எரித்திருப்பார்கள். ஊசிகள் பீரோவின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. தொடுவதில்லை.

இப்போது நெய்வது சுவருக்கு. அது வேறு, இது வேறு.

அக்டோபர் 5, வியாழன்

பாதி வந்துவிட்டது. இவர் வந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் குஞ்சம் வைத்தால் அழகாக இருக்குமே, வீடியோவில் வைத்திருந்தாளே என்றார். வேண்டாம், வாயில் போகும் என்றேன். யார் வாயில் என்றார்.

தூசி போகும் என்றேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலை பத்தரைக்கு மாப்பிள்ளை பேசினார். நேற்று ராத்திரியிலிருந்து குழந்தை அசைவு குறைவாக இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாராம், அத்தை பயப்படாதீர்கள் என்றார். இது ஏழாம் மாதம்.

போனை வைத்ததும் நேரே சட்டத்திடம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. போய்க் குறுக்கு நூலை உருவ ஆரம்பித்தேன். வெள்ளை போயிற்று. சாம்பல் போயிற்று. நூல் சிக்கிய இடத்தில் கத்தரியை எடுத்தேன். இவர் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் உருவிப்போட்ட நூலையெல்லாம் பொறுக்கி உருண்டை சுற்றிக்கொண்டிருந்தார். பதினோரு உருண்டை. 

இரண்டு மணிக்கு நிவேதாவே பேசினாள். ஒன்றுமில்லையாம். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நர்ஸ் சொல்லி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் உதைத்ததாம். “தூங்கிட்டிருந்துச்சாம்மா. அவ்ளோதான். நீ படுத்துக்கோ” என்றாள்.

படுக்கவில்லை. கழற்றியதால்தான் குழந்தை அசைந்ததா? அப்படியென்றால் நெய்ததால்தான் அசையாமல் இருந்ததா? சுவருக்கு நெய்வதற்கும் கோயம்புத்தூரில் ஒரு வயிற்றுக்குள் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையென்றால் நான் ஏன் ஓடிப்போய்க் கழற்றினேன்?

நூற்று எழுபதுக்கு நூற்று நான்கு.

அக்டோபர் 18, புதன்

அளக்கவில்லை.

அக்டோபர் 21, சனி

காலையில் காய் நறுக்க உட்கார்ந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. பச்சை மட்டும் மிச்சம் இருந்தது. இவர் சுற்றி வைத்த சாம்பல் உருண்டையை எடுத்து மறுபடியும் ஆரம்பித்தேன். நெய்யும்போது பயமாக இருக்கிறது. நெய்யாமல் இருந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. மனசு அடங்கும் என்றார் டாக்டரம்மா. எந்த மனசைச் சொன்னாரோ.

நவம்பர் 2, வியாழன்

முடிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் மைல்டான சோப்புப் போட்டு இரண்டு தரம் அலசி நிழலில் காயவைத்தேன். சுவரில் மாட்டுவதை எதற்குத் துவைக்கிறாய் என்று இவர் கேட்டார். கடையிலிருந்து வந்த நூல் எத்தனை கை மாறியிருக்கும் என்றேன்.

இவர் ஆணி அடித்தார், வழக்கம்போலக் கோணல். மேலே ஒரு மூங்கில் குச்சியைச் செருகி மாட்டினோம். விறைப்பாக நிற்க வேண்டியது நடுவில் தொய்ந்து இறங்கிவிட்டது. இவர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். “தொங்கறதுக்கு இதுக்குத் தெம்பு பத்தாது புனிதா. போத்திக்கிட்டா சுகமா இருக்கும்போல” என்றார்.

வாயை மூடுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் பாவம். அப்புறம் போய்க் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் வளைகாப்பு நடந்தது. ஏழாம் மாதம் வேண்டாம், ஒன்பதில் வைப்போம் என்று சம்பந்தி முன்பே சொல்லிவிட்டார், எனக்கும் அதுவே சம்மதம். அந்த ஏழாம் மாதத்தை மறுபடி யார் சீண்டுவது.

இன்று நிவேதாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். இதுதான் முதல் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கார் கிளம்பும்போது சம்பந்தி ஜன்னல் பக்கம் வந்தார். மார்கழிக் குளிரில் மலைமேல் பிரசவமா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டது வேறு. “என்னமோ கைவேலை செய்யறீங்களாமா சம்பந்தி. அண்ணன் சொன்னாருங்க.”

இவர் வாயில் ஒன்றும் நிற்காது.  “சுவருக்குத்தாங்க” என்றேன். “சும்மா, அலங்காரத்துக்கு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிங்க” என்றார். அந்தச் சரியை மேட்டுப்பாளையம் தாண்டும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று பிடிபடவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

நிவேதா சோபாவில் சாய்ந்தபடி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போய்க் கையால் தடவினாள். அப்புறம் கன்னத்தை வைத்தாள்.

“சுவருக்கு எதுக்கும்மா இவ்ளோ மெத்துன்னு?”

கடையில் அதுதான் இருந்தது என்றேன்.

 என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். அஞ்சு மாசம் ஏன்டி என்கிட்ட சொல்லல. நான் மறுபடி பின்ன ஆரம்பித்துவிடுவேன் என்றா?

இல்லை என்று தலையாட்டினாள். “நீ பின்னாம உக்காந்திருப்பம்மா. கையை மடியில வச்சுக்கிட்டு. அதை என்னால பாக்க முடியாதுன்னுதான் சொல்லல.”

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் மாமியார் பத்துப் பேர் முன்னால் என்னைக் கேட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டேன்.  அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்றே அவளுக்கு நினைவில்லையாம். மயக்க ஊசியாம். அத்தை உன்னை அப்படிக் கேட்டார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

மூன்று வருடம் அவள் மௌனத்துக்கு நான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் காதில் அது விழவே இல்லை. கீரை முழுவதையும் தண்டோடு சேர்த்து நறுக்கிவிட்டேன். அழுதேன். நல்ல வேளை, பக்கத்தில் வெங்காயமும் இருந்தது.

டிசம்பர் 11, திங்கள்

புல்லில் வெள்ளையாக உறைபனி. இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. பழைய வேட்டிகளைக் கொதிநீரில் போட்டுத் துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். பழசுதான், புதிது ஒன்றுகூட இல்லை. மறுபடி மறுபடி எண்ணினேன்.

சுவர்ப்பக்கம் போவதில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

காலை ஆறு நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. அழுதது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. அழுகையைக் கேட்டு இப்படிச் சிரிப்பேன் என்று நினைத்ததில்லை. இவர் வராந்தாவில் நின்று எல்லோரிடமும் மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார், கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார்.

நிவேதா நலம்.

டிசம்பர் 23, சனி

இன்று வீட்டுக்கு வந்தோம். ஐந்து டிகிரியாம். மூன்று வேட்டியைச் சேர்த்துச் சுற்றியும் பாப்பாவின் கை ஜில்லென்றே இருந்தது. ஹீட்டரைப் போட்டால் காற்று வறண்டு மூக்கடைக்கிறது. நிவேதா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு வேட்டி எடுக்க உள்ளே போனேன். அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது. ஐந்தாம் நாளில் என் கையால் நெய்தது அதன்மேல் பட்டு ஏதாவது ஆனால் நான் எங்கே போவேன். படித்தவள், பகுத்தறிவு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தரம் சிரித்துக்கொண்டே பின்னியவள் நான்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்து இறங்கினார். கைகால் கழுவி, பாப்பாவை மடியில் வாங்கினார். வாங்கியதும், “என்னுங்க இப்படிச் சில்லுன்னு இருக்குது கொழந்த” என்றார். 

அவர் தன் பையைத் திறக்கச் சொன்னார். மேலாக ஒரு துணி மூட்டை. பிரித்தேன். மஞ்சள் குல்லா. மஞ்சள் ஸ்வெட்டர். காலுறை ஒன்றுதான் இருந்தது. நிறம் மங்கி, முழங்கையில் தையல் போட்டு, ஒரு பொத்தான் மட்டும் நீலத்தில். என் பின்னல் எனக்குத் தெரியாதா.

“எறியறதுக்கு மனசு வரலைங்க,” என்றார் சம்பந்தி. “அடுத்த வருசம் கோபியில எங்க கொழுந்தனார் பேத்தி பொறந்தப்பக் குடுத்தனுங்க. பொறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் போட்டாங்க. ஒரு சளி காய்ச்சல் இல்லாம வளந்துச்சு. இப்ப பால்வாடி போகுது, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நேத்துப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தனுங்க. நல்லா வளந்த கொழந்த போட்ட பழசு. இதைத்தான் மொதல்ல போடோணும்.”

குல்லாவை அவரே பாப்பாவுக்குப் போட்டார். கொஞ்சம் பெரிது. புருவம் வரை இறங்கியது.

அப்புறம் என்னைப் பார்க்காமல், பாப்பாவின் காதை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. யாரு மேலயாச்சும் பழியப் போட்டாத்தான் நிக்க முடியும்னு இருந்துச்சுங்க எனக்கு. நீங்கதான் எதிர்ல நின்னீங்க.”

 காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். “அது மாட்டி எத்தன நாளாச்சுங்க?”

நவம்பர் இரண்டாம் தேதி என்றார் இவர். தேதி மட்டும் சரியாகச் சொல்வார்.

“ஒன்னர மாசத்துக்கு மேல வெயிலு தூசியெல்லாம் பாத்தாச்சு. அப்ப பழசுதானுங்க அதும். எறக்குங்கண்ணா.”

இவர் இறக்கினார். நான் இரண்டு தரம் உதறினேன். சம்பந்தி ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். வேட்டிக்கு மேலே சுற்றினோம். இரண்டரை அடி கச்சிதமாக இருந்தது. தளரவிட்ட நெசவு, எந்தப் பக்கம் மடித்தாலும் மடங்கியது. குஞ்சம் இல்லாததால் முகத்தில் ஒன்றும் படவில்லை. பத்து நிமிடத்தில் கை சூடாகிவிட்டது. நான் தொட்டுப் பார்த்தேன். சம்பந்தியும் தொட்டுப் பார்த்தார். மறுபடி நான்.

“சுவருக்கு நல்லா அளவெடுத்திருக்கீங்க சம்பந்தி” என்றார். நிவேதா தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தாள், தையல் வலிக்கிறது என்றாள், மறுபடி சிரித்தாள்.

டிசம்பர் 24, ஞாயிறு

நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு.

சுவரில் கோணல் ஆணி மட்டும் நிற்கிறது. காலண்டர் மாட்டட்டுமா என்றார் இவர். மாட்டுங்கள் என்றேன்.

மத்தியானம் பீரோவின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஊசிகள் துருப்பிடிக்கவில்லை. மஞ்சள் காலுறை ஒன்று குறைகிறதே, மிச்ச வெள்ளை நூலில் போடலாமா, பச்சையிலா என்று நிவேதாவிடம் கேட்டேன். பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், யாருக்கும்மா என்றாள்.

பாப்பாவுக்கு என்றேன்.